பேசும்போதும், பேசாதிருக்கும்போதும்: நாகூர் தெருக் குழுக்களின் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அட்மின் தம்பிகளே, தங்கச்சிகளே,

 

நம் ஊரில் இப்போது தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. ஜமாஅத்துக்கு ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்றாய்ப் படித்தவர்களுக்கு ஒன்று, கடைத்தெருவுக்கு ஒன்று, மீனவர் தெருவுக்கு ஒன்று, வெளிநாட்டுச் சபரில் இருக்கும் பிள்ளைகளையும் ஊரிலிருக்கும் குடும்பங்களையும் சேர்த்து இன்னொன்று. என் கைப்பேசியில் மட்டும் பதினொன்று இருக்கின்றன. அவற்றை நடத்தும் உங்களில் பல பேர் என்னிடம் தமிழ் படித்தவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். குற்றம் சாட்டுவதற்காக எழுதவில்லை. சாட்டுவதாக இருந்தால் முதல் குற்றவாளி நான்தான். அதைச் சொல்லிவிட்டே மற்றதைச் சொல்கிறேன்.

போன தர்கா கந்தூரிக்குச் சில நாள் இருக்கும்போது, இரவு படுக்கப் போகும் நேரத்தில் ஒரு படம் வந்தது. குளிர்பெட்டிக்குள் பச்சை பூத்த இறைச்சி. கீழே நம் ஊர்ப் பரோட்டாக் கடை ஒன்றின் பெயர். இங்கே யாரும் சாப்பிடாதீர்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது. பார்த்ததும் எனக்குக் குமட்டியது. பேரப்பிள்ளைகள் அங்கேதானே போய்ச் சாப்பிடுகிறார்கள் என்று பதறி, மூன்று குழுக்களுக்குத் தள்ளிவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் என் மருமகன் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: அது வேறு ஏதோ மாநிலத்தில் எப்போதோ எடுத்த பழைய படம். உடனே அழித்தேன். அதற்குள் அது ஊரைச் சுற்றி முடித்திருந்தது.

நாலாம் நாள் இரவு அந்த வழியாக வந்தேன். கொத்துப் பரோட்டா தட்டுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும் கடை அது. அன்றைக்குச் சத்தமே இல்லை. எண்ணெய் தடவிய மாவு உருண்டைகள் தட்டில் வரிசை குலையாமல் இருந்தன. மேலே போட்டிருந்த ஈரத்துணி காய்ந்து ஓரம் சுருண்டிருந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த தம்பி என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க டீச்சர்" என்றான். நான் அனுப்பியது அவனுக்குத் தெரியும். முதலில் அனுப்பியது யார் என்று ஊரில் எவருக்கும் தெரியாது. "டீச்சரே அனுப்பியிருக்காங்க" என்றுதான் எல்லாரும் நம்பியிருக்கிறார்கள். அதை அவன் என்னிடம் சொல்லவில்லை. அவன் வீட்டுப் பெண்கள் பிறகு சொன்னார்கள்.

முப்பத்தொரு வருஷம் மணிமேகலை நடத்தியவள் நான். அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லும் பத்துக் குற்றங்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு உங்களை ஒப்பிக்க வைத்தேனே, நினைவிருக்கிறதா? உடம்பால் செய்வன மூன்று, மனத்தால் மூன்று, வாயால் நான்கு. கொலையும் களவும் செய்கிற உடம்பைவிட வாய்க்கு ஒன்று கூடுதல். அந்த நான்கில் பொய்யும் கடுஞ்சொல்லும் எல்லாருக்கும் தெரியும். பயனில் சொல் என்றால் நாம் சொல்கிற வெட்டிப் பேச்சு. நான்காவதாகிய குறளை என்ற சொல்தான் பேச்சு வழக்கிலிருந்து போய்விட்டது. செயல் போகவில்லை. கோள் சொல்வது, மூட்டிவிடுவது, போட்டுக்கொடுப்பது என்று அதற்கு இன்றைக்கும் நாலைந்து பெயர் வைத்திருக்கிறோம். பரீட்சைக்கு ஐந்து மதிப்பெண் கேள்வியாக இதை எத்தனை வருஷம் திருத்தியிருப்பேன்! என் கட்டைவிரல் அந்தப் படத்தின்மேல் இருந்த கணத்தில் நான்கில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தெரிந்து வைத்திருப்பது வேறு, வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வருவது வேறு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வருவதற்குப் புத்தர் வைத்த பெயர் பாலியில் சதி. நினைவு என்பதே அதன் நேர்ப்பொருள். தமிழில் அவருடைய எண்வழியைச் சொன்னவர்கள் நற்கடைப்பிடி என்றார்கள். இப்போது பலரும் விழிப்புணர்வு, மனக்கவனம் என்கிறார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு உட்காரும் காரியம் அது என்றே நானும் நினைத்திருந்தேன். உட்காருவது நமக்குப் புதிதும் இல்லை. நாற்பது நாள் தனித்திருக்கும் சில்லாவால்தான் நம் ஊர்ச் சில்லடிக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். கந்தூரியில் பீர் மண்டபத்தில் பீர் விரதமிருந்து உட்காருவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறோம். ஆனால் புத்தர் சதியைப் பற்றிச் சொன்ன சதிபட்டான சுத்தத்தை எடுத்துப் படித்தபோது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். போகும்போது, வரும்போது, கை மடக்கும்போது, நீட்டும்போது, உண்ணும்போது, குடிக்கும்போது தெளிந்த கவனத்தோடு இருக்கச் சொல்லிக்கொண்டே வருகிற அந்தப் பகுதியில், பேசும்போதும் பேசாதிருக்கும்போதும் என்றும் இருக்கிறது. பேச்சையும் மௌனத்தையும் அவர் சாப்பாட்டோடும் நடையோடும் ஒரே வரிசையில் வைத்துவிட்டார். தியானத்துக்குத் தனி அறை வேண்டும் என்ற சாக்கு அதோடு போயிற்று.

நாகூர்க்காரி, ஐந்து நேரம் தொழுகிறவள், புத்தரை ஏன் இழுக்கிறாள் என்று உங்களில் யாராவது நினைக்கலாம். நல்லதைப் பேச வேண்டும், முடியாவிட்டால் வாயைக் கட்ட வேண்டும் என்ற நபிமொழியை மதரசாவில் கேட்டு வளர்ந்தவள்தான். செய்தி ஒன்று வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் வசனம் ஹுஜுராத் சூராவில் இருக்கிறது. புறம் பேசுவதை, இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிடுவதும் அதே சூராதான். இனியவை கூறலும் புறங்கூறாமையும் பயனில சொல்லாமையும் குறளில் தனித்தனி அதிகாரங்கள். புத்தரிடம் எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது பழகும் முறை. தவிர, அவர் நமக்கு அயலூர்க்காரரும் இல்லை.

இங்கிருந்து நாகப்பட்டினம் போகும் வழியை நினைத்துப் பாருங்கள். நாகைக்கு வடக்கே ஒன்றிரண்டு மைலில், அதாவது நம் பக்கத்தில், செங்கல்லால் கட்டிய மூன்றடுக்குக் கோபுரம் ஒன்று 1867 வரை நின்றது. புதுவெளிக் கோபுரம் என்பார்கள், சீனக் கோபுரம் என்றும் சொல்வார்கள். பௌத்தர்கள் விட்டுப்போன கோபுரம். கடலில் போகிற கப்பல்காரர்களுக்கு அது கரை அடையாளம். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் நம் தர்காவுக்குக் கட்டித் தந்த 131 அடிப் பெரிய மனாராவும் அதுவும் நூறு வருஷத்துக்கு மேல் ஒரே கரையில் நின்றிருக்கின்றன. மண்ணும் சும்மா இருக்கவில்லை. 1856இல் தொடங்கி அடுத்த எண்பது வருஷத்தில் நாகையில் தோண்டிய இடங்களிலிருந்து ஏறக்குறைய 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் வந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் பார்க்கலாம். அதற்கும் முன்னால், ராஜராஜ சோழன் காலத்தில், ஸ்ரீவிஜய அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் சூடாமணி விகாரத்தை இங்கே எழுப்பினான். ராஜராஜன் ஆனைமங்கலத்து வருவாயை அதற்குக் கொடுத்தான். அதைச் சொல்லும் செப்பேடுகளை டச்சுக்காரர்கள் கொண்டுபோனதால் லைடன் செப்பேடுகள் என்று பெயர்.

எனக்கு இவற்றைவிட நெருக்கமானவர் ஆசாரிய தம்மபாலர். நெத்திப்பகரணம் என்ற பாலி நூலுக்கு அவர் எழுதிய உரையின் முடிவில், நாகப்பட்டினத்தில் தருமாசோக மகாராஜ விகாரத்தில் தங்கி எழுதியதாகக் குறிப்பு இருக்கிறது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து இது எந்தப் பொருளில் வந்தது, இங்கே பொருந்துமா என்று நிறுத்தி நிதானித்துப் பார்க்கிற வேலை உரை எழுதுவது. அந்த வேலை நடந்த கரையில்தான் நாம் படத்தைப் பார்த்த இரண்டாம் நொடியில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்த அசோகர் பெயரிலும் ஒரு செய்தி இருக்கிறது. ராஜஸ்தானில் பைராட்டில் கிடைத்த அவருடைய கல்வெட்டில், துறவிகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்க வேண்டியவை என்று ஏழு உபதேசங்களைப் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார். ஏழாவது, பொய்யைப் பற்றிப் புத்தர் ராகுலனுக்குச் சொன்னது. ராகுலன் அவருடைய மகன். அப்போது அவனுக்கு ஏழு வயது என்கின்றன உரைகள். கால் கழுவிய பாத்திரத்தின் அடியில் மிஞ்சிய கொஞ்சம் தண்ணீரை மகனிடம் காட்டுகிறார். தெரிந்தே பொய் சொல்லக் கூசாதவனிடம் மிஞ்சுகிற நல்லதும் இவ்வளவுதான் என்கிறார். தண்ணீரைக் கொட்டுகிறார், பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டுகிறார். பிறகு கண்ணாடி எதற்கு என்று கேட்டு, முகம் பார்ப்பது போல ஒவ்வொரு செயலையும் மூன்று தடவை பார்க்கச் சொல்கிறார்: செய்வதற்கு முன், செய்யும்போது, செய்த பிறகு. செய்த பிறகு என்று வைத்ததில்தான் அவருடைய இரக்கம் தெரிகிறது. தவறிவிட்டால் அதை மறைக்காமல் சொல்லி, இனிமேல் காத்துக்கொள் என்கிறார். நான் இந்த மடலை எழுதுவது அந்த மூன்றாவது பார்வையால்தான்.

பொய்யைத் தவிர்த்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். என்னைப் பரோட்டாக் கடையைவிட அதிகம் உலுக்கியது ஓர் உண்மைச் செய்தி.

நம் தெருக்களில் ஒன்றில் வயதான உம்மா ஒருவர் விடியற்காலை நாலரைக்கு மௌத்தானார். மகன் சவூதியில். அங்கே அப்போது இரவு இரண்டு மணி. அக்கா கைப்பேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அங்கே அவனோடு இருக்கும் மச்சானை முதலில் எழுப்பி, அவன் பக்கத்தில் போய் உட்காரச் சொல்லி, அப்புறம் தானே பேச வேண்டும் என்பது அவள் எண்ணம். மச்சான் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். அதற்குள் குழுவில் செய்தி ஏறிவிட்டது. பெயர், படம், நல்லடக்க நேரம். ஊர் எழுந்து இன்னா லில்லாஹி போடத் தொடங்கியது. தலையணைக்கடியில் கைப்பேசி விடாமல் அதிர்ந்ததில் கண் விழித்த அந்தப் பிள்ளை, யாருக்கோ என்று மேலே தள்ளித் தள்ளிப் போயிருக்கிறான். இன்னா லில்லாஹி, இன்னா லில்லாஹி என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அவன் உம்மாவின் படம்.

சொல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு பாலி நூலான அங்குத்தர நிகாயத்தில் புத்தர் ஐந்து அளவுகள் வைக்கிறார். உரிய காலத்தில் சொன்னதா, உண்மையா, மென்மையாகச் சொன்னதா, பயனுள்ளதா, நேய நெஞ்சோடு சொன்னதா. ஐந்தில் அவர் முதலில் வைப்பது காலம். மௌத்துச் செய்தியை இதில் வைத்துப் பாருங்கள். உண்மைதான். பயனும் உண்டு, நல்லடக்கத்துக்கு ஆட்கள் வரவேண்டும் அல்லவா? போட்டவரும் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. காலம் ஒன்று தவறியதில், அந்தப் பிள்ளைக்கு வாழ்நாளுக்கும் ஆறாத ஒன்று நடந்துவிட்டது. இருபது நிமிஷம் பொறுத்திருந்தால் போதும்.

பொறுக்க விடாமல் நம்மைப் பிடித்துத் தள்ளுவது எது என்று சில மாதங்களாக என்னையே பார்த்துவருகிறேன். சதிபட்டான சுத்தம் உடம்பைப் பார்க்கச் சொல்கிறது, உணர்ச்சியைப் பார்க்கச் சொல்கிறது, மனம் இருக்கிற நிலையைப் பார்க்கச் சொல்கிறது. பார்த்ததைச் சொல்கிறேன். சூடான செய்தி வந்ததும் எனக்கு முதலில் காது சூடாகிறது. மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடுகிறது. கட்டைவிரல் தானாகவே அந்த வளைந்த அம்புக்குறியைத் தேடிப் போகிறது. பயம் கொஞ்சம் இருக்கிறது, ஊர்மேல் அக்கறையும் இருக்கிறது. அதற்குள்ளே ஒளிந்துகொண்டு, முதலில் சொன்னது நானாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. அதைக் கண்டபோது எனக்கு அழுகை வந்தது. அறுபத்தேழு வயதில் இந்த ஆசையா என்று. ஆனால் கண்டுகொண்ட பிறகு அதன் வேகம் குறைகிறது. ஒரு டீ ஆறுகிற நேரம் கைப்பேசியைச் சன்னலில் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். திரும்ப எடுக்கும்போது பத்தில் ஏழு செய்தியை அனுப்பத் தோன்றுவதில்லை.

இதைப் படித்துவிட்டு, டீச்சர் எல்லாரையும் வாயை மூடச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அபய இளவரசன் புத்தரை மடக்குவதற்காகக் கேட்ட கேள்வியே இதுதான்: பிறர் மனம் நோகும் சொல்லை நீர் சொல்வீரா? இளவரசன் மடியில் பச்சைக் குழந்தை இருந்தது. இந்தக் குழந்தை குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று திருப்பிக் கேட்டார். எடுத்துவிடுவேன், ரத்தம் வந்தாலும் விரலை விட்டு எடுப்பேன், பிள்ளைமேல் இரக்கம் இருக்கிறதே என்றான். அப்படித்தான் என்றார் புத்தர். உண்மையாகவும் பயனுள்ளதாகவும் இருந்தால், கேட்பவருக்குக் கசந்தாலும் நேரம் பார்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

இது நமக்குத் தெரியாதா? 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கரையை விட்டு ஓடு என்று சொல்ல ஒரு வாய் இல்லாமல் போனதால் நம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோம். நாலே நாளில், 30ஆம் தேதி, மறுபடி சுனாமி வரலாம் என்று டில்லியிலிருந்து எச்சரிக்கை வந்தது. பிணங்களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள், சோறு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் போட்டது போட்டபடி மேற்கே ஓடினார்கள். கடல் வரவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல் இல்லை, வந்த சொல்லுக்குத் தக்க ஆதாரம் இல்லை. ஒரே வாரத்தில் இரண்டையும் அனுபவித்த கரை இது. இப்போது ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. அதிகாரபூர்வமான எச்சரிக்கை வந்தால், அம்மா தூங்குகிறாள், தம்பி சாப்பிடுகிறான் என்று பார்க்காதீர்கள். கத்தி எழுப்புங்கள்.

ஆதாரமில்லாத சொல்லின் கடைசி எல்லையையும் தமிழ்நாடு பார்த்துவிட்டது. 2018 மே மாதம், குழந்தை கடத்துகிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியில், போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வம் கும்பிட வந்த 65 வயது அம்மா ஒருவரை அடித்தே கொன்றார்கள். பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதுதான் சந்தேகம். அதே வருஷம் ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் தள்ள முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. எண்ணிக்கைக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. அந்த ஐந்து இடத்துக்கு அனுப்பலாமா கூடாதா என்பது அனுப்புகிறவர் கையில்தான் இருக்கிறது.

உங்கள் கையிலும் இருக்கிறது. குழுவில் ஓர் உறுப்பினர் போட்டதற்கு அட்மின் பொறுப்பாக மாட்டார் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி நீங்கள் தப்பித்தீர்கள், சரி. ஆனால் யார் போட்டதையும் எல்லாருக்குமாக அழிக்கும் வசதி இப்போது உங்களுக்கு இருக்கிறது. அட்மின் மட்டும் அனுப்பலாம் என்று கொஞ்ச நேரம் குழுவைப் பூட்டிவைக்கவும் உங்களால் முடியும். இருநூறு வீட்டுக்குள் போகிற ஒரு வாசலில் நிற்கிறீர்கள். அந்த இடத்தில் நின்றுகொண்டு, நான் பார்க்கவே இல்லை என்று சொல்வதும் ஒரு செயல்தான்.

ஆகவே கேட்கிறேன். மௌத்துச் செய்தி வந்தால், சபரில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லியாச்சா என்று அந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். மாற்று மதத்தார் வீடாக இருந்தாலும் அப்படியே செய்யுங்கள். ஒரு கடையின் பெயரோ, ஒரு பெண்ணின் பெயரோ, ஒரு தெருவின் பெயரோ இருக்கும் செய்தி வந்தால், அந்தக் கடைக்காரரையோ அந்த வீட்டாரையோ கூப்பிட்டுப் பேசாமல் விடாதீர்கள். கூப்பிட வெட்கமாக இருந்தால், அந்தச் செய்தி குழுவுக்கும் வேண்டாம். திருமணம் நின்றது, பிள்ளை ஓடிப்போனது, யார் வீட்டில் யார் வந்து போகிறார்கள் என்பவற்றுக்கு விசாரணையே வேண்டாம், அழித்துவிடுங்கள். அனுப்பியவரைக் குழுவில் வைத்துத் திட்ட வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள். கடுஞ்சொல்லும் அந்த நான்கில் ஒன்று.

ஒரு தவறு நடந்துவிட்டால் அழிப்பதோடு நிறுத்தாதீர்கள். பொய் எத்தனை குழுவுக்குப் போனதோ அத்தனை குழுவிலும் திருத்தமும் போகட்டும். அனுப்பியவர் பெயரோடு போகட்டும்.

நேற்று இஷாவுக்குப் பிறகு அந்தப் பரோட்டாக் கடைக்குப் போய்த் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க டீச்சர்" என்றான், கண்ணைப் பார்க்காமல். அவன் சம்மதத்தோடு, கடையின் பெயரையும் என் பெயரையும் போட்டு, நான் அனுப்பிய படம் அந்தக் கடையுடையது இல்லை, விசாரிக்காமல் அனுப்பியது என் தவறு என்று எழுதி, அன்றைக்கு அனுப்பிய அதே மூன்று குழுக்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். மற்றக் குழுக்களை நடத்துகிறவர்களுக்கும் தனித்தனியாக அனுப்பிவிட்டேன். உங்கள் குழுவிலும் அதைப் போடுங்கள். கந்தூரிக் கொடி ஏறும் வரை அழிக்காமல் வைத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்,
நாகூர்.